ஆயாவின் செருப்பும் 86,500 ரூபாயும்: மூட்டுவலி 'பேக்கேஜ்' எடுக்கப் போகிறவர்கள் படிக்கவும்

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இதை எழுதினால்தான் கொஞ்சமாவது மனசு ஆறும். வீட்டுப் பெரியவர்களை மூட்டுவலிக்கு எங்காவது கூட்டிக்கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். என்ன செய்ய வேண்டும், எதில் ஏமாறக் கூடாது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். இடத்தின் பெயரைக் கேட்காதீர்கள், போட மாட்டேன். மூட்டுவலிக்கென்றே போர்டு வைத்திருக்கும் தனியார் மையம், ஊர் ஊராக இலவச முகாம் போடுகிறவர்கள். அவ்வளவு போதும்.

போனது 86,500 ரூபாய். அதில் 40,000 ஆயா (எங்கள் பாட்டி) கறவை மாட்டை விற்ற காசு. மீதி 46,500 நான் ஓசூரில் ஷிப்ட் பார்த்துச் சீட்டு கட்டி எடுத்தது.

ஆயாவுக்கு 72 வயசு. பிறந்தது, வாக்கப்பட்டது எல்லாம் பென்னாகரம் பக்கம்தான். ஒரு வருஷமாக முட்டி வலி, நடையில் தள்ளாட்டம். பங்குனியில் எங்கள் ஊர் மண்டபத்தில் முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் லீவில் வந்திருந்தேன், கூட்டிப் போனேன். முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே இலவசம் என்று சொல்லி வேனிலேயே டவுனுக்கு ஏற்றிப் போனார்கள்.

அங்கே டாக்டர் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அம்மாவும் இப்படித்தாம்மா களி கிண்டிப் போட்டு எங்கள வளர்த்தாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். இவ்வளவு பெரிய இடத்தில் நம்ம ஆயாவை அம்மா என்று கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறாரே என்று கண் கலங்கியது. எக்ஸ்ரேயைக் காட்டி, "சவ்வு தேஞ்சுபோச்சு தம்பி. இப்படியே விட்டா ஆறு மாசத்துல படுக்கைதான். ஆபரேஷன் வேணாம். அவங்க ரத்தத்துலயே பிளாஸ்மா பிரிச்சு ஊசி போட்டுடலாம். ஒரு முட்டிக்கு மூணு, மொத்தம் ஆறு" என்றார்.

அப்போது ஆயா நடுவில் ஒன்று சொன்னாள். "சாமி, செருப்பு கழண்டு போறதே எனக்குத் தெரிய மாட்டேங்குது. நாலடி தள்ளிப் போயித் திரும்பிப் பார்த்தா செருப்பு பின்னால கெடக்குது."

டாக்டர் ஆயாவின் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஊசி போட்டா எல்லாம் சரியாயிடும்மா" என்றார். நானும், "ஆயா, டாக்டர் பேசட்டும், நீ சும்மா இரு" என்று அடக்கினேன். பணம் போனதைவிட இதுதான் இப்போது என்னை அறுக்கிறது.

அப்புறம் பக்கத்து அறையில் ஒரு பெண் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தார். பேக்கேஜ் 1,30,000, முகாமில் வந்தவர்களுக்கு இன்றைக்கு மட்டும் 86,500. "மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்றேன். "தாராளமா கேளுங்க சார், ஆனா நாளைக்கு இந்த ரேட் வராது" என்றார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, 20,000 ஜிபே பண்ணிவிட்டேன். மீதி 66,500 இரண்டு தவணையில் ரொக்கம். கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு, பில் கிடையாது.

இரண்டு மாதத்தில் ஆறு ஊசியும் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் முட்டி வீங்கி இரண்டு நாள் படுத்திருப்பாள். வலி குறையவில்லை. தள்ளாட்டம் அதிகமாகி, சுவரைப் பிடிக்காமல் வாசலுக்குக்கூட வர முடியாமல் போனது. போன் செய்தால், டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார் என்றார்கள். அடுத்த வாரம், "மூணு மாசம் ஆனாத்தான் சார் பலன் தெரியும்." அதற்கடுத்த வாரம், "ஒவ்வொருத்தர் உடம்பு வாகு." நேரில் போனால், கூடுதலாக இரண்டு ஊசி, 24,000 என்கிறார்கள்! எக்ஸ்ரேயையாவது கொடுங்கள் என்றதற்கு, அது சென்டர் காப்பி, தர முடியாதாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படித்ததற்கு நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை.

மாமாதான் அடம்பிடித்து தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். காலையில் ஓபி சீட்டு வாங்கி, மதியத்துக்குள் பார்த்துவிட்டோம். சின்ன வயசு டாக்டர். "நீங்க சொல்லுங்க பாட்டி" என்றார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. ஆயா செருப்புக் கதையைச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கண்ணை மூடச் சொல்லி, கால் கட்டைவிரலைப் பிடித்து மேலேயும் கீழேயும் அசைத்து, "இப்ப மேலயா, கீழயா?" என்று கேட்டார். ஆயாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. தப்புத் தப்பாகச் சொன்னாள். சின்ன சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினால் கால் எகிறி அடித்தது. அப்புறம் பல்லைக் காட்டச் சொன்னார். அந்தக் காவிக் கறையை வெற்றிலைக் கறை என்றுதான் நாங்கள் இத்தனை நாள் நினைத்திருந்தோம். "எந்த ஊர்த் தண்ணி குடிச்சு வளர்ந்தீங்க?" என்றார்.

முன்கைக்கு எக்ஸ்ரே எழுதினார். முட்டி வலிக்கு எதற்குக் கை என்று எனக்குப் புரியவில்லை. கையின் இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கும் சவ்வு சுண்ணாம்பு ஏறி முள்ளு முள்ளாக நின்றதைக் காட்டினார். தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு என்கிற உப்பு அதிகமானால் பல்லும் எலும்பும் இப்படி ஆகுமாம். எங்கள் பக்கம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல்தான் வந்தது. அதுவரை அறுபது வருஷம் ஆயா குடித்தது கிணறும் போரும். அதே மாதிரி முதுகுத்தண்டிலும் சவ்வு கெட்டியாகித் தண்டுவடத்தை நெருக்குகிறது என்று எம்ஆர்ஐயில் தெரிந்தது. முட்டியில் தேய்மானம் இருப்பது நிஜம்தான், ஆனால் கால் மரத்துத் தடுமாறுவது அதனால் இல்லை. "முன்னாடியே வந்திருக்கலாமே தம்பி" என்றார். நாலு மாதம். 86,500 ரூபாய் கொடுத்து நாலு மாதத்தை வீணடித்திருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். 'இன்னிக்கு மட்டும் இந்த ரேட்' என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பெரியவர்களை டாக்டரிடம் பேச விடுங்கள், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். பணம் கட்டும் முன் வேறொரு டாக்டரிடம் கேட்பது உங்கள் உரிமை, கோபித்துக்கொள்கிற இடத்தில் கட்டாதீர்கள். கால் மரத்தால், செருப்பு கழல்வது தெரியாவிட்டால், முட்டியோடு நிறுத்தாமல் முதுகுத்தண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் இன்றைக்குத்தான் பதிவுத் தபாலில் கேட்டிருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட, நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். துண்டுச்சீட்டாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

திங்கட்கிழமை ஆயாவைச் சேலத்துக்கு நரம்பு அறுவை சிகிச்சை டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். கழலாமல் இருக்க செருப்புக்குப் பின்னால் மாமா ஒரு வார் தைத்துக் கொடுத்திருக்கிறார்.