மூன்று சென்டில் வீட்டைப் புதுப்பித்துக் கட்டியபோது: நாகர்கோவில் கட்டட வரைபட அலுவலகம் ஒன்றின் சேவை குறித்து

ஒழுகினசேரியில் மூன்று சென்டில் நின்றிருந்த எங்கள் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, 1,480 சதுர அடியில் மாடி வீடு கட்டினோம். வரைபடம், அனுமதி விண்ணப்பம், மூன்று மேற்பார்வை வருகைகள் ஆகியவற்றுக்காக நகரிலுள்ள ஓர் அலுவலகத்துக்கு 38,000 ரூபாய் கொடுத்தோம். குறைகளையும் எழுதுவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

அனுமதி எளிதாகவே கிடைத்தது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுவோருக்கு, 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில், விண்ணப்பிப்பவரே விவரங்களுக்கு உறுதி அளிக்கும் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி தரப்படுகிறது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லாத் தளங்களும் சேர்ந்து மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை கட்டலாம் என்பதால், 1,307 சதுர அடி கொண்ட எங்கள் மனைக்கு 2,600 சதுர அடி வரை கணக்கில் இடம் உண்டு. ஆனால் முன்புறமும் பக்கவாட்டிலும் இடைவெளி விட்டு, கழிவுத் தொட்டிக்கும் மழைநீர்க் குழிக்கும் இடம் ஒதுக்கிப் பார்த்தால் அந்தக் கணக்கு ஏட்டளவில்தான் நிற்கும். அனுமதிக்கு முன்பு யாரும் மனையை வந்து பார்ப்பதில்லை என்பதால், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்ற கேள்வியை வரைபடம் போடுகிறவர்தான் கேட்டாக வேண்டும். கடலோரத்தில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் மனைகளுக்கும், ‘ஹாகா’ எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள மலையோர ஊர்களுக்கும் கட்டுப்பாடுகள் தனி. அவற்றை முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்த அலுவலகத்தை நான் மனதாரப் பாராட்டுவது ஒரு காரியத்துக்காக. அறைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, அங்கிருந்து வந்த இளம் பொறியாளர் டியூப் லெவலும் (மட்டம் பார்க்கும் நீர்க்குழாய்) அளவுகோலுமாக மனையின் ஒன்பது இடங்களில் மட்டம் பார்த்தார். பின்மூலை சாலையைவிட 22 சென்டிமீட்டர் தாழ்வு. தெரு ஓடையின் அடித்தளமோ சாலையிலிருந்து 45 சென்டிமீட்டர்தான் கீழே. பின்கட்டில் 25 சென்டிமீட்டர் ஆழத்தில் குழாயைப் பதித்தால், தொடங்கும் இடத்திலேயே அது 47 சென்டிமீட்டர் கீழே இருக்கும். அதாவது ஓடையின் அடியைவிடத் தாழ்வு. மின்மோட்டார் இல்லாமல் ஒரு சொட்டும் வெளியே போகாது. பின்முற்றத்தை 30 சென்டிமீட்டர் உயர்த்தி, 14 மீட்டர் நீளக் குழாய்க்கு நூற்றுக்கு ஒன்று வீதம் வாட்டம் கொடுத்தபோது, குழாயின் வாய் ஓடையின் அடிக்கு 14 சென்டிமீட்டர் மேலே வந்து சேர்ந்தது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொத்தனாரிடமே கொடுத்தார். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன்பே அது கையில் இருந்ததால், பிறகு எதையும் இடித்துத் திருத்த நேரவில்லை.

பழைய வீட்டில் ஓட்டுச் சரிவிலிருந்து இறவாரம் நெடுகச் சொட்டிய நீரை மண் முற்றமே குடித்துக்கொண்டது. மிச்சம் சத்தமில்லாமல் பின்வீட்டு மனைக்குள் இறங்கியது. கான்கிரீட் கூரையில் அப்படி நடக்காது. 800 சதுர அடி மொட்டை மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 7,400 லிட்டர் நீர் இரண்டு குழாய்களில் இறங்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளும் பெறும் மாவட்டத்தில் இது ஆண்டில் ஒரு நாள் தொல்லையன்று. “தம்பி, முற்றத்தை உயர்த்துறது சரி, தண்ணிய மட்டும் எங்க பக்கம் விட்டுராதீங்க” என்று பின்வீட்டு அண்ணாச்சி சொன்னதை நான் அலுவலகத்தில் தெரிவித்தேன். மதிற்சுவரின் அடியில் கருங்கல் கட்டும், சுவரை ஒட்டி உட்புறம் ஒரு சிறு வாய்க்காலும் உடனே வரைபடத்தில் சேர்ந்தன. பக்கவாட்டில் விட்ட ஒரு மீட்டர் இடைவெளியில், மதிலுக்கு அந்தப் பக்கம் தெறிக்காதபடி சன்ஷேடின் அகலத்தையும் குறைத்தார்கள்.

கழிவுநீர் விஷயத்தில்தான் ஏமாற்றம். முதல் வரைபடத்தில், கழிவுநீரை மண்ணுக்குள் கசியவிடும் உறிஞ்சு குழியை எங்கள் கிணற்றிலிருந்து ஐந்து மீட்டரில் காட்டியிருந்தார்கள். குடிநீர்க் கிணற்றுக்கும் அத்தகைய குழிக்கும் இடையே 18 மீட்டர் வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மூன்று சென்டில், அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தூரம் எந்த மூலையிலும் கிடைக்காது. நான் கேட்ட பிறகே, நீர் கசியாத மூடிய தொட்டியாக மாற்றி, கழிவுநீர் எடுக்கும் லாரியின் குழாய் எட்டும்படி முன்முற்றத்தில் வைத்தார்கள். அந்தத் திருத்தத்துக்கு மூன்று வாரம் எடுத்ததோடு, கூடுதலாக 4,000 ரூபாயும் வாங்கினார்கள். கிணற்று நீரைக் குடிக்கும் குடும்பத்திடம் இதைத் தாங்களாகவே முதலில் சொல்லியிருக்க வேண்டும். என் வருத்தம் பணத்தைவிட இதில்தான் அதிகம்.

ஒப்புக்கொண்ட மூன்று வருகைகளில் மூன்றாவது, குழாய்களை மண்ணிட்டு மூடிய பிறகே நடந்தது. மூடுவதற்கு முன்பு வந்திருந்தால், குழாய் அடைப்பைத் திறந்து பார்ப்பதற்கான ஆய்வுத் தொட்டி ஒன்றின் மூடி கார் நிறுத்தும் இடத்து ஓடுகளுக்கு அடியில் போயிருக்காது. நான்கு ஓடுகளைப் பெயர்த்து அதை மேலே கொண்டுவந்தோம். குழாய்கள் உண்மையில் எங்கே பதிக்கப்பட்டன என்பதைக் காட்டும் இறுதி வரைபடம் இன்னும் வந்து சேரவில்லை. மூடும் முன் நான் கைபேசியில் எடுத்த படங்களில், சுவரிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் உள்ள தூரத்தை எழுதி, பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.