சர்க்கரை நோயாளியின் சோர்ந்த இரைப்பை: லீவுக்கு நாகர்கோவில் வருகிறவர்களுக்கு

நாள்பட்ட சர்க்கரையில், இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பு கெட்டால் இரைப்பை சோர்ந்துவிடும். காலையில் தின்றது சாயங்காலம் வாந்தியில் வரும். மருந்துக்கு அடங்காதவர்களுக்கு வயிற்றுத் தோலுக்கடியில் மின்கருவி ஒன்றை வைத்து, அதன் இரண்டு கம்பிகளை இரைப்பைத் தசையில் தைக்கிறார்கள். எண்டெரா என்ற இந்தக் கருவிக்கு அமெரிக்காவில் 2000இல் மனிதாபிமான விலக்கின் கீழ், அதாவது சிலருக்கே வரும் நோய்க்குப் பலன் முழுதாக நிரூபணமாகும் முன்பே தரும் சலுகையில், அனுமதி கிடைத்தது.

இந்தக் கருவியை ஊரிலேயே பொருத்திக்கொண்டு போகலாமா என்று வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். லீவில் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வழக்கமாக 5 மில்லி ஆம்பியர், 14 ஹெர்ட்ஸ், 0.1 விநாடி துடிப்பு, 5 விநாடி ஓய்வு என்று தொடங்கி, குமட்டல் அடங்குவதைப் பார்த்து மாதக்கணக்கில் அளவை மாற்றவேண்டும். அளவை மாற்றும் புரோகிராமர் என்ற சாதனம் நீங்கள் வேலை பார்க்கும் ஊரில் இருக்கவேண்டும். கருவி வைத்த இடத்தில் சீழ் பிடித்தால் பெரும்பாலும் கருவியையே எடுக்க நேரும். தவிர, இது குமட்டலையும் வாந்தியையும் தணிக்குமே தவிர, இரைப்பை காலியாகும் வேகத்தைப் பெரிதாகக் கூட்டாது.

லீவில் செய்து முடிக்கக்கூடியது சோதனை. முதலில் அடைப்பு எதுவும் இல்லை என்று எண்டோஸ்கோப்பியில் உறுதி செய்யவேண்டும். அது நாகர்கோவிலிலேயே ஆகும். அடுத்தது இரைப்பை காலியாகும் ஸ்கேன். சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைத் தின்னக் கொடுத்து, அது இரைப்பையில் எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பார்கள். அதற்கு அந்தக் கதிரைப் படமெடுக்கும் காமா கேமரா வேண்டும், திருவனந்தபுரம் போகலாம். இட்லியில் செய்கிறார்களா, முட்டை வெள்ளையும் ரொட்டியுமா, எத்தனை மணி நேரம் என்று போனிலேயே கேளுங்கள். 2 மணி நேரத்தோடு நிறுத்தினால் பலருக்கு நோய் தெரியாமலே போகும். முட்டை உணவில் 4 மணி நேரம் கழித்து 10 சதவீதத்துக்கு மேல் தங்கினால் தாமதம்; இட்லிக்கு வேறு அளவுகோல். அன்று சர்க்கரை 275க்குக் கீழே இருக்கவேண்டும், ஏனென்றால் கூடிய சர்க்கரையே இரைப்பையை மந்தமாக்கும். வெறும் வயிற்றோடு மார்த்தாண்டம் நெரிசலில் மாட்டினால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். முந்தின நாளே போய்த் தங்குவது நல்லது.

பலரும் தவறவிடுவது பான்-டி. கேஸ் மாத்திரைதானே என்று டாக்டரிடம் சொல்வதில்லை. அதில் இரைப்பையை முடுக்கும் டோம்பெரிடோன் இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு 2, 3 நாள் முன்பே நிறுத்தாவிட்டால் ஸ்கேன் பொய் சொல்லும். செமாக்ளூடைட் ஊசி போடுகிறவர்கள் அதையும் கட்டாயம் சொல்லவேண்டும், அது இரைப்பையை மெதுவாக்கும் மருந்து.

கருவியோடு வருகிறவர்களுக்கு எச்சரிக்கை வேறு. ஸ்கேன் சென்டரில் "பேஸ்மேக்கர் உண்டுமா?" என்றுதான் கேட்கிறார்கள், நெஞ்சில் எதுவும் இல்லையே என்று நோயாளியும் "இல்லை" என்கிறார். வயிற்றில் கருவி இருப்பதை நீங்களாகவே சொல்லி, மாடல் எண் உள்ள அட்டையைக் காட்டுங்கள். சில மாடல்களோடு எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது. இதைவிடப் பெரிய ஆபத்து முதுகுவலிக்குப் பிசியோதெரபியில் வைக்கும் டயதெர்மி, அதாவது மின் அலையால் உடம்புக்குள் சூடேற்றும் சிகிச்சை. கருவி இருப்பவருக்கு அது உடம்பில் எந்த இடத்திலும் கூடாது. கம்பி சூடேறி இரைப்பைச் சுவரைப் பொசுக்கிவிடும்.

சாப்பாட்டில் உறவுக்காரர் வீடுகள்தான் சோதனை. தேங்காய் அரைத்த மீன்கறியின் கொழுப்பு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். பனங்கிழங்கு நார் உருண்டு கட்டியாகலாம். குழையவிட்ட கஞ்சியும் அவித்த மீனும் சிறிது சிறிதாக, நாளுக்கு 5, 6 தடவை எடுக்கலாம். சாப்பிடுமுன் வேக இன்சுலின் போட்டால், சோறு இறங்குமுன் மருந்து வேலை செய்து சர்க்கரை தாழும்; ஊசியின் நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.