கல்லியம் ஏற்றிய சியோலைற்று: 3 வருடப் பாவனைக்குப் பிறகு

சமையல் காஸில் இருக்கும் புரொப்பேனைப் பென்சீனாகவும் தொலுயீனாகவும் மாற்றுவதுதான் 3 வருடமாக என் வேலை. உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட ஒரு சிறிய ஆய்வுகூடம். குவாட்ஸ் குழாய்க்குள் ஊக்கியாக 2 கிராம் இசட்எஸ்எம்-5; அது சிலிக்கனும் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த, நுண்துளைகள் நிறைந்த ஒரு சியோலைற்றுத் தூள். சூடு 530 பாகை செல்சியஸ். காஸுக்கு மணம் தரும் கந்தகச் சேர்வையை முதலில் நாக (சிங்க்) ஒட்சைட்டில் பிடித்துவிடுவோம்.

முதல் வருடம் நாகம் ஏற்றிய சியோலைற்றுத் தூள். மலிவு, தொடக்கத்தில் நல்ல விளைச்சல். பிறகு குறைந்துகொண்டே போனது. ஒருநாள் குழாயின் குளிர்ந்த முனையில் சாம்பல் நிற வளையம் ஒன்றைக் கண்டேன். அந்தச் சூட்டில், புரொப்பேனிலிருந்து கழலும் ஐதரசன் நாகத்தை உலோகமாக்க, அது ஆவியாகி வந்து அங்கே படிந்திருந்தது.

அப்புறம் கல்லியம் என்ற உலோகத்துக்கு மாறினேன். அது அப்படி ஓடிப்போவதில்லை. ஐதரசன் பட்டதும் கல்லிய ஒட்சைட்டு துளைகளுக்குள் பரவும். அதனால் முதல் சில ஓட்டங்களில் தூளின் வேலைத்திறன் கூடிக்கொண்டே போகும். 2 புரொப்பேன் சேர்ந்து 1 பென்சீன் ஆகும்போது 5 ஐதரசன் மூலக்கூறுகள் கழன்றாக வேண்டும். வளையம் கட்டுவது சியோலைற்றின் அமிலத் தளங்கள். ஐதரசனைக் கழற்றி அனுப்புவது கல்லியம். வெறும் சியோலைற்றை வைத்தால் மெதேனும் ஈதேனுமே கூடுதலாக வரும்.

கரி படிவதைத் தவிர்க்க முடியாது. காற்று விட்டு எரித்தால் வெள்ளைத் தூள் திரும்பிவிடும். நான் அடிபட்டது இந்த இடத்தில்தான். மாரிகாலம், கொம்பிரசர் இழுத்ததெல்லாம் ஈரக் காற்று. கூட வேலை செய்யும் தம்பி ஒரு காலை, “அண்ணை, நீல மணியெல்லாம் ரோஸாப் போயிட்டுது” என்றான். காற்றை உலர்த்தும் அந்த சிலிக்கா ஜெல் மணிகள் எப்போதோ ஈரத்தால் நிறைந்திருக்கின்றன. அதற்குள் 4 தடவை எரித்தாகிவிட்டது. தூள் பார்க்க வெள்ளைதான், விளைச்சல் மட்டும் திரும்பவில்லை. சூட்டோடு நீராவி சேர்ந்தால் சியோலைற்றின் சட்டகத்திலிருந்து அலுமினியம் கழன்றுவிடும். அதோடு அமிலத் தளமும் போய்விடும். கரியை எரிக்கலாம், இதற்கு மருந்து இல்லை. அந்தத் தூளைக் கொட்டும்போது எனக்கு மனம் சரியில்லை.

இப்போது மணிக் குழாய்க்குப் பின்னால் மிச்ச ஈரத்தையும் பிடிக்கும் மூலக்கூற்றுச் சல்லடை ஒன்றும் இருக்கிறது. காற்றை நைதரசனில் கலந்து மெதுவாக விடுகிறோம். கரி ஒரேயடியாகப் பற்றினால் உள்ளே சூடு எகிறிவிடும். வாங்குவோர் முதல் நாள் விளைச்சலைக் கேட்காதீர்கள். பத்தாவது தடவை எரித்த பிறகு எவ்வளவு என்று கேளுங்கள். என் பதில்: கல்லியம், உலர்ந்த காற்றோடு. இரண்டாவது தூள் ஒரு மாரியைத் தாண்டிவிட்டது, இன்னும் குழாயில்தான் இருக்கிறது.