மொட்டை மாடிக்குக் கீழே இரண்டு குழந்தைகளோடு கத்திரி வெயில்: சில கோடைகளின் அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது எங்கள் வீடு. வாடகை வீடு, இரண்டாவது மாடி, மேற்குப் பார்த்த ஹால், கிழக்கே ஒரே ஒரு ஜன்னல். பெரியவள் எல்.கே.ஜி. முடித்துவிட்டாள், சின்னவனுக்கு ஒன்றரை வயது. வெயிலைச் சமாளிக்க இந்த வீட்டில் வாங்கியது, அடித்தது, கட்டியது எல்லாவற்றையும் கோடைக்குக் கோடை பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். வாங்கிய வாரத்தில் எந்தப் பொருளும் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த கோடையில்தான் அதன் குணம் தெரியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேல் மாடியில் குடியிருப்பவர்கள் கையில் இருக்கும் முதல் காசை மொட்டை மாடித் தளத்துக்குச் செலவழியுங்கள். மெஷின் எல்லாம் அப்புறம்.

பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட் அந்தச் சூட்டை உடனே கீழே விடாது. மெல்ல இறங்கி, பொழுது சாய்ந்த பிறகுதான் சீலிங்கின் அடிப்பக்கம் முழுதாகச் சூடேறும். அதனால்தான் இந்த மாதிரி வீடுகளில் மதியத்தைவிட ராத்திரி எட்டு, ஒன்பது மணி மோசமாக இருக்கிறது. வெளியே கடல்காற்று வீசும், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் சுகமாக இருக்கும். உள்ளே வந்து ஃபேனைப் போட்டால் அது சீலிங் அனலை அப்படியே பிள்ளைகள் மேல் தள்ளும்.

முதலில் சுண்ணாம்பு அடித்துப் பார்த்தோம். கரைத்த சுண்ணாம்பில் ஒட்டுவதற்குப் பசை கலந்து இரண்டு கோட். செலவு குறைவு, வேலை அரை நாள், வித்தியாசமும் உடனே தெரிந்தது. ஆனால் வெறுங்காலோடு நடந்தால் காலில் ஒட்டும், ஐப்பசி மழையில் பாதி கரைந்து போகும். வருஷா வருஷம் அடிக்கத் தயார் என்றால் வாடகை வீட்டுக்கு இதுவே போதும். சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அந்த வேலை நடக்கும்போது பிள்ளைகள் மாடிப்படிப் பக்கமே வரக்கூடாது.

அடுத்த கோடைக்கு முன்னால் வீட்டு ஓனர் பாதிச் செலவை ஏற்றுக்கொள்ள, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ரூஃப் பெயிண்ட் அடித்தோம். எங்கள் மாடியில் சிவப்புத் தட்டு ஓடு பதித்திருக்கிறது. பெயிண்டர் தம்பி டப்பாவைத் திறக்கும் முன் ஒரு மணி நேரம் குனிந்து ஓட்டு இடுக்கையெல்லாம் விரலால் தடவிக்கொண்டே போனார். "அக்கா, வெள்ளை அடிக்கிறது பெரிய விஷயமில்ல. இந்த வெடிப்ப அடைக்காம மேல அடிச்சா மழைக்குத் தண்ணி உள்ள எறங்கும், ரெண்டே மாசத்துல பெயிண்ட் தோல் மாதிரி உரிஞ்சு வரும்" என்றார். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவி, காயவிட்டு, வெடிப்பை அடைத்து, பிரைமர் ஒரு கோட், பெயிண்ட் இரண்டு கோட். அவர் பொறுமையாகச் செய்ததால்தான் எங்கள் தளத்தில் இன்னும் உரியவில்லை. ஆள் பிடிக்கும்போது விலையை விட இதைக் கேளுங்கள்: அடிப்பதற்கு முன் என்னென்ன செய்வீர்கள் என்று.

முன்பு மதியம் அந்தத் தளம் தோசைக்கல்லாகக் காயும். இப்போது நண்பகலில் கூட ஒரு நிமிஷம் கால் வைத்து நிற்க முடிகிறது. ஹாலில் ஒரு சின்ன டிஜிட்டல் மீட்டர் மாட்டியிருக்கிறோம், வெப்பமும் ஈரப்பதமும் இரண்டும் காட்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு அதில் முன்பைவிட மூன்று டிகிரி வரை குறைவாகக் காட்டுகிறது. சொல்லக் கேட்டால் மூன்று டிகிரி சின்னதாகத் தோன்றும். சின்னவன் பிடரி நனையாமல் விடியும்வரை தூங்குகிறான், எனக்கு அது போதும்.

குறைகளும் உண்டு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் தூசி இந்தப் பக்கம் நிற்காமல் படிகிறது. ஒரு வருஷத்தில் வெள்ளை சாம்பல் நிறமாகிவிடும், அழுக்கேறினால் வெயிலைத் திருப்பும் சக்தியும் குறையும். மாசியில் ஒரு தடவை நன்றாகத் தேய்த்துக் கழுவுகிறோம், பழையபடி ஆகிவிடுகிறது. ஈரமாக இருக்கும்போது வழுக்கும், குழந்தைகளை விடக்கூடாது. மதியம் கண் கூசும். அத்தைக்கு மட்டும் ஒரு வருத்தம்: "சூடே ஏறாத தரையில வடாம் எப்படிக் காயும்?" என்றார். இப்போது கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கயிற்றுக் கட்டில் போட்டு அதன் மேல் வேட்டி விரித்து வடாம் பிழிகிறோம், நன்றாகவே காய்கிறது.

அடுத்தது கூலர். வேலூரிலிருக்கும் நாத்தனார் வீடு மாற்றியபோது அவர்களுடைய ஏர் கூலரை எங்களுக்குக் கொடுத்தார். அங்கே அது அருமையாக வேலை செய்த கூலர், நானே அதன் முன்னால் படுத்துத் தூங்கியிருக்கிறேன். இங்கே அதே கூலர் புழுக்கத்தைத்தான் கூட்டியது. காரணம் எளிது. கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. வேலூர் வெயில் வறட்டு வெயில், அந்தக் காற்று ஈரத்தை ஆசையாக வாங்கிக்கொள்ளும். வண்ணாரப்பேட்டையிலும் காசிமேட்டிலும் காற்றில் ஏற்கெனவே கடலின் ஈரம் நிறைந்திருக்கிறது, இன்னும் வாங்க இடமில்லை. மிஞ்சும் ஈரம் அறையில் தங்கி, பிள்ளைகளின் வேர்வை காய விடாமல் செய்யும். வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்?

ஆனாலும் அதைத் தூக்கிப் போடவில்லை. வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகி வேறு பக்கம் போகும்போது சில நாள் கடல்காற்றே வராமல் மேற்குக் காற்று அனலாக வீசும். சென்னையில் உச்சபட்ச வெயில் அடிப்பது இந்த மேற்குக் காற்று நாட்களில்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதை என் வீட்டுக்காரர் இன்னும் சொல்வார். அந்த மாதிரி நாளில் எங்கள் மீட்டரில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கூலரை எடுப்போம், கிழக்கு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து ஓட்டுவோம், அன்றைக்கு அது கூலர்தான். ஈரப்பதம் 60ஐத் தாண்டினால் அது ஒரு சத்தம் போடும் ஃபேன். கடலோரத்தில் இருப்பவர்கள் புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஜன்னலில் வெட்டிவேர் தட்டி நனைத்துக் கட்டுவதற்கும் இதே கணக்குதான், வாசனை மட்டும் கூடுதல்.

ஏசி ஒரு டன், படுக்கையறையில் மட்டும். தளத்துக்கு வெள்ளை அடித்த பிறகு வாங்கியதால் 26, 27இல் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓட்டினால் அறை போதுமான அளவு குளிர்கிறது. குழந்தைக்கு அதற்கு மேல் குளிர் தேவையில்லை. கடலோரவாசிகள் கவனிக்க வேண்டியது வெளி யூனிட்டை. உப்புக் காற்றில் திருகாணி முதல் ஃபின் எனும் மெல்லிய உலோகத் தகடுகள் வரை எல்லாம் அரிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிடச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் ஃபில்டரை கோடையில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நீங்களே கழுவுங்கள். கடையில் சொன்ன இலவச சர்வீஸ் எங்களுக்குக் கத்திரி முடிந்த பிறகுதான் வந்தது, அதனால் சித்திரை பிறக்கும் முன்பே புக் செய்துவிடுவது நல்லது.

ஃபேன் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், பி.எல்.டி.சி. ஃபேனுக்கு, அதாவது பிரஷ் இல்லாத மோட்டார் ஃபேனுக்கு மாறுங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் அளவில் ஓடும். கரண்ட் பில்லைவிடப் பெரிய லாபம் இன்வெர்ட்டரில். எங்கள் தெருவில் கோடை ராத்திரிகளில்தான் லோடு தாங்காமல் கரண்ட் போகும். முன்பு பேட்டரி நள்ளிரவுக்கு மேல் கையை விரிக்கும், இப்போது அதே பேட்டரியில் இரண்டு ஃபேன் விடியும்வரை ஓடுகிறது. ரிமோட்டை மட்டும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

படுக்கையையும் மாற்றினோம். ஃபோம் மெத்தையும் ரப்பர் ஷீட்டும் முதுகுச் சூட்டைப் பிடித்து வைக்கும். கத்திரி முழுக்கத் தரையில் கோரைப்பாய், மேலே ஒரு பழைய பருத்தி வேட்டி. சூடான காற்று மேலே நிற்பதால் தரை மட்டத்தில் எப்போதும் கொஞ்சம் ஆறுதல். தூளியை அத்தை விடமாட்டார், அதனால் நைலக்ஸ் சேலையை மாற்றிப் பழைய சுங்குடிச் சேலையில் கட்டினோம், அதுவும் சாயங்காலம் காற்று வந்த பிறகு மட்டும். கடல்காற்று பெரும்பாலும் மதியத்தை ஒட்டி நுழையும். அதுவரை ஜன்னல் மூடி, திரை போட்டு, நுழைந்ததும் கிழக்கு ஜன்னலைத் திறந்துவிடுவோம்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மாடி டேங்கில் மதியம் வரும் தண்ணீர் பிள்ளைத் தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடு. குழாயைத் திறந்து நேராகக் குழந்தையை நிறுத்தவே கூடாது. காலையிலேயே அன்னக்கூடையில் பிடித்துக் குளியலறை மூலையில் மூடி வைக்கிறோம், பதினொரு மணிக்கும் சாயங்காலமும் அதில் ஒரு குளியல். ஐஸ் போட வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும். டப்பில் உட்கார வைத்தால் நான் போனைக்கூட எடுக்கமாட்டேன், ஒரு சாண் தண்ணீர் போதும் குழந்தை மூழ்க. முடிந்ததும் கவிழ்த்துவிடுவோம், கொசுவும் வராது. வேர்க்குருவுக்குப் பவுடர் கொட்டுவதை நிறுத்திவிட்டோம். பவுடர் வேர்வையோடு சேர்ந்து அப்புகிறது, குழந்தை மூச்சிலும் போகிறது. அடிக்கடி துடைத்து, தளர்வான பருத்திச் சட்டை போட்டாலே அது அடங்குகிறது.

குடிக்க மண்பானை. கொசப்பேட்டையில் குழாய் வைத்த பானை வாங்கினோம். புழுக்கமான நாளில் இதுவும் சுமாராகத்தான் குளிரும், கூலர் மாதிரியே ஆவியாவதில்தான் இதன் வேலையும். ஒரு கோடை முடிந்தால் பானையின் நுண்துளைகள் உப்பால் அடைந்துவிடும். சோப்பு போடாமல் தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் காயவைத்தால் இன்னொரு கோடைக்கு வரும், அதற்குப் பிறகு புதுசு வாங்கிவிடுங்கள்.

பெரியவளுக்குப் பத்து மணி வாக்கில் மோர் ஊற்றிய கம்பங்கூழ், மதியம் தர்பூசணி. நுங்கைத் தோல் உரித்து மசித்துத்தான் சின்னவனுக்கு. முற்றியது தொண்டையில் சிக்கும். ஐஸ் போட்ட தள்ளுவண்டி ஜூஸ் வேண்டவே வேண்டாம். மீனுக்குப் போடும் ஐஸும் குடிக்கப் போடும் ஐஸும் கலந்துவிடக் கூடாது என்றுதான், சாப்பிடத் தகாத ஐஸில் நீலச் சாயம் சேர்க்க வேண்டும் என்று 2018இல் விதி கொண்டுவந்தார்கள். சின்னவன் ஆறு மாசம் ஆகாதபோது யார் சொல்லியும் தண்ணீர் கொடுக்கவில்லை. தாய்ப்பாலில் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது, அடிக்கடி கொடுத்தால் போதும். வீட்டில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எப்போதும் இருக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், பாதி பாதியாகக் கரைத்தால் உப்பின் அளவு தவறும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது.

வானிலை மையத்தின் கணக்கில் கடலோர ஊரில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வெப்ப அலை. 2024இல் தமிழக அரசும் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் பிள்ளை வளர்ப்பவர்கள் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். 34 டிகிரியோடு ஈரப்பதம் 70 சேர்ந்தால் உடம்புக்கு அது 45 டிகிரிக்கு மேல் போலத்தான் இருக்கும். எடைக்குத் தோல் பரப்பு அதிகம் என்பதால் சின்னக் குழந்தைகள் நம்மைவிட வேகமாகச் சூடாவார்கள், அதைச் சொல்லவும் தெரியாது. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, அழும்போது கண்ணீர் வராதது, உச்சிக்குழி உள்வாங்குவது, சோர்ந்து துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைதான். எங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி. உடம்பு அனலாகக் கொதித்து, கூப்பிட்டால் பதில் இல்லையென்றால் 108ஐ அழைத்துவிட்டு, வரும்வரை சட்டையைக் கழற்றி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். காய்ச்சல் மருந்து இந்தச் சூட்டைக் குறைக்காது. மயக்கத்தில் வாயில் எதுவும் ஊற்றவும் கூடாது.

எங்கள் வீட்டில் பாக்கி இருப்பது மேற்குச் சுவர். பச்சை வலை கட்டிப் பார்த்தோம், கோடைக்காற்றில் ஒரு பக்கம் கிழிந்து படபடவென்று அடித்துப் பிள்ளைகளை எழுப்பியது. மூங்கில் தட்டி நன்றாக இருக்கிறது, ஆனால் ஜன்னல் அளவுக்குத்தான் மறைக்கும். ஓனர் அந்தச் சுவருக்கும் வெள்ளை அடிக்கச் சம்மதித்திருக்கிறார். தை முடிந்ததும் அதே பெயிண்டர் தம்பி வருகிறார், வெடிப்பு பார்க்கத்தான் முதலில்.