ஜிபியைப் பார்க்காதீர்கள், ட்யூனரைப் பாருங்கள்: டிவி ரெக்கார்டர் உபயோகித்த அனுபவம்

ஷிஃப்ட் வேலைக்குப் போகிற ஆள் இருக்கிற வீட்டில் டிவி ரெக்கார்டர் ஆடம்பரம் இல்லை. நான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். மதியம் கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி பத்தரை ஆகிவிடும். அத்தைக்கு சீரியல், வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் கிரிக்கெட், எனக்கு மார்கழி வந்தால் கச்சேரி. எல்லாமே ஒரே டிவியில். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டில் இரண்டு விதமான ரெக்கார்டரையும் வருடக்கணக்கில் உபயோகித்துவிட்டோம். முதலில், யூஎஸ்பி துளையில் வெளி டிஸ்க்கைச் செருகி ரெக்கார்ட் செய்கிற சாதாரண ஹெச்டி செட்டாப் பாக்ஸ். பிறகு, ஹார்ட் டிஸ்க் உள்ளேயே இருக்கிற டிடிஹெச் ரெக்கார்டர் பாக்ஸ். அமெரிக்காவில் 1999இல் டிவோ என்கிற கம்பெனி கொண்டு வந்த வசதி இது. நம் ஊரில் 2008இல் டாடா ஸ்கை ப்ளஸ் வந்த பிறகுதான் பல பேர் வீட்டில் இப்படி ஒரு பெட்டியைப் பார்த்தோம்.

கடையில் போய்க் கேட்டால் முதலில் சொல்வது டிஸ்க் எத்தனை ஜிபி என்பதைத்தான். நான் முதலில் கேட்கச் சொல்வது பாக்ஸில் எத்தனை ட்யூனர் என்று. சேனலைப் பிடிக்கிற பாகம்தான் ட்யூனர். ஒரு ட்யூனர் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையைத்தான் பிடிக்கும். ஒற்றை ட்யூனர் பாக்ஸில் எட்டு மணி சீரியல் ரெக்கார்ட் ஆகும்போது மேட்ச் பக்கம் மாற்றினால், "ரெக்கார்டிங்கை நிறுத்தவா?" என்று திரையில் கேள்வி வந்து நிற்கும். பையன் "ஆமாம்" என்று அழுத்துவான். மறுநாள் காலையில் அத்தையின் முகத்தைப் பார்க்கிறவள் நான். யூஎஸ்பி பாக்ஸ் இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த சண்டையில் பாதி இதுதான். ஆளுக்கொரு சேனல் பார்க்கிற வீட்டில் ஒற்றை ட்யூனர் ரெக்கார்டர் வைப்பதும் வைக்காததும் ஒன்றுதான்.

இரண்டு ட்யூனர் பாக்ஸ் என்றால் டிஷ்ஷிலிருந்து இரண்டு வயர் இறங்க வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மாட்டுவதற்கு வந்த தம்பி மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "அக்கா, பழைய எல்என்பிக்கு ஒரு அவுட்புட்தான் இருக்கு, மாத்தணும்" என்றார். டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கி வயரில் அனுப்புகிற பாகம்தான் எல்என்பி. ஒரே வயரை ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரிக்க முடியாதா என்று வீட்டுக்காரர் கேட்டார். முடியாது. காரணத்தையும் அந்தத் தம்பியே பொறுமையாக விளக்கினார். எல்என்பிக்கு, கிடைவாட்டில் வருகிற அலையைப் பிடிக்கவா, செங்குத்தாக வருகிற அலையைப் பிடிக்கவா என்பதை பாக்ஸ்தான் வயர் வழியாக வோல்டேஜ் அனுப்பிச் சொல்கிறது. 18 வோல்ட் போனால் ஒன்று, 13 வோல்ட் போனால் மற்றொன்று. ஒரே வயரில் ஒரு ட்யூனர் 13 கேட்டு, இன்னொன்று 18 கேட்டால் ஏதாவது ஒன்றுக்கு சிக்னல் போய்விடும். எல்என்பியை மாற்றி, இரண்டாவது வயரைச் சன்னல் ஓரமாக இறக்கி, முனையில் எஃப் கனெக்டர் முறுக்கி மாட்டினார். அந்தக் கனெக்டரின் நடுவில் நிற்கிற செம்புக் கம்பி கொஞ்சம் நீளமாகவும் நேராகவும் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றியிருக்கிற வலைக் கம்பி ஒரு இழை அதில் பட்டாலும் ஒரு ட்யூனர் சும்மா கிடக்கும். புது வீடு கட்டுகிறவர்கள் பூச்சு வேலைக்கு முன்னாலேயே ஹாலுக்கு இரண்டு வயர் போகிற மாதிரி பைப் போட்டு வைப்பது நல்லது.

ஜிபி கணக்கு அடுத்தது. ஹெச்டி சேனல் நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. சாதாரண எஸ்டி சேனல் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் 0.9 ஜிபி. ஆக, 500 ஜிபி டிஸ்க்கில் எஸ்டியில் 550 மணி நேரம், ஹெச்டியில் 140 மணி நேரத்துக்கும் குறைவு. விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் பெரிய எண்ணைத்தான். அதிலும் நேரலையை நிறுத்தி வைத்துப் பார்க்கிற வசதிக்கென்று பாக்ஸ் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும். அத்தைக்கு தினம் அரை மணி சீரியல் நான்கு. எஸ்டியில் 2 ஜிபி கூட ஆகாது, ஹெச்டியில் 7 ஜிபிக்கு மேல். நான் சீரியலை எஸ்டி சேனலிலும், கிரிக்கெட்டையும் கச்சேரியையும் ஹெச்டியிலும் பதிய வைத்திருக்கிறேன். அத்தைக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. டிஸ்க் நிரம்புகிற பேச்சே இல்லை.

சீரியலில் இன்னொரு சங்கதி. அட்டவணையில் எட்டு மணி என்று போட்டிருந்தாலும் சேனல் ஒன்றிரண்டு நிமிடம் முன்னே பின்னே தொடங்கும். ரெக்கார்டர் அட்டவணையை நம்பி சரியாக எட்டரைக்கு நிறுத்திவிட்டால், கடைசியில் கதவைத் திறந்து யார் உள்ளே வருகிறார்கள் என்கிற இடம் போய்விடும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே அரை மணி நேரம் பார்ப்பது! செட்டிங்ஸில் முன்னால் இத்தனை நிமிடம், பின்னால் இத்தனை நிமிடம் கூடுதலாகப் பதிய வழி இருக்கிறதா என்று பாருங்கள். நான் முன்னால் 2, பின்னால் 5 வைத்திருக்கிறேன். கிரிக்கெட்டுக்கு அதுவும் போதாது. சூப்பர் ஓவர் வந்தாலோ மழையால் தாமதமானாலோ, அடுத்து வரும் நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதிவில் போட்டுவிடுவதுதான் வழி.

மழையும் கரண்ட்டும் ரெக்கார்டருக்கு எமன்கள். டிடிஹெச் வருவது கேயூ பேண்ட் என்கிற உயர் அதிர்வெண் அலையில். ஐப்பசி மழை கொட்டும்போது தண்ணீர் அந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும், சிக்னல் போகும். நேரில் பார்க்கிறவர் கொஞ்ச நேரம் காத்திருப்பார். ரெக்கார்டரோ அந்த இடத்தை வெட்டிவிட்டு இரண்டு துண்டாகப் பதிந்து வைக்கும், அல்லது "பதிவு தோல்வி" என்று காட்டும். டிஷ்ஷைச் சரியாகத் திருப்பி சிக்னல் அளவை நன்றாக வைத்திருந்தால் சாதாரண மழைக்குத் தாங்குகிறது, பெருமழைக்கு வழியில்லை. கரண்ட்டுக்கு வழி உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் காலையிலிருந்து நிறுத்துகிற நாளில் பகல் பதிவு எதுவும் கிடைக்காது. இன்வெர்ட்டர் லைனில் ஒரு பிளக் பாயின்டை பாக்ஸுக்குக் கொடுத்தோம். பழைய டியூப் லைட் இழுக்கிறதை விடக் குறைவாகத்தான் இழுக்கிறது. அதை விட முக்கியம், ராத்திரி டிவியை நிறுத்தும்போது சுவர் சுவிட்சை அணைக்கிற பழக்கம். ரிமோட்டில் ஸ்டாண்ட்பைக்குப் போக வேண்டுமே தவிர, சுவரில் அணைத்தால் விடியற்காலைப் பதிவு நடக்காது. அந்த சுவிட்சின் மேல் மாமா ஒரு டேப் ஒட்டி வைத்திருக்கிறார்.

யூஎஸ்பி வகையை வாங்குகிறவர்கள் டிஸ்க் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். பாக்ஸ் முதல் வேலையாக டிஸ்க்கை ஃபார்மட் செய்யும். கல்யாண போட்டோ இருக்கிற டிஸ்க்கை அதில் செருகவே கூடாது. விலை குறைந்த பென் டிரைவில் பதிவு சரியாக நடந்தாலும், ஒன்றைப் பதிந்துகொண்டே, ஏற்கெனவே பதிந்ததைப் பார்க்கும்போது படம் திக்கும். போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் நல்லது, ஆனால் பழைய யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர் மட்டுமே. டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதற்கு மேல் கேட்டால், 'டிக் டிக்' என்று சத்தம் வந்து நின்றுபோகும். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வைத்ததும் எங்களுக்குச் சரியானது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது வேறு. இந்தப் பதிவுகள் நம்முடையவை இல்லை. ரெக்கார்டிங் பூட்டுப் போட்டுத்தான் டிஸ்க்கில் ஏறுகிறது. சாவி அந்த பாக்ஸிலும் ஸ்மார்ட் கார்டிலும் இருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டால் ஓடாது, பக்கத்து வீட்டு பாக்ஸிலும் ஓடாது. ரீசார்ஜ் தீர்ந்தால் பழைய பதிவும் திறக்காது. எங்கள் பாக்ஸ் பழுதானபோது கம்பெனி வேறு பாக்ஸ் கொடுத்தது. பல மார்கழிகளாகச் சேர்த்து வைத்திருந்த கச்சேரிகள் அந்தப் பழைய டிஸ்க்கோடு போயின. காசு கொடுத்துப் பார்க்கிற வாடிக்கையாளருக்கு, பாக்ஸ் மாறினால் பதிவையும் மாற்றித் தருகிற வழி ஒன்று இருந்தே ஆக வேண்டும். வாங்குவதற்கு முன் இதை எழுத்தில் கேளுங்கள். பொக்கிஷமாக வைத்துக்கொள்ள நினைத்து எதையும் ரெக்கார்டரில் பதியாதீர்கள். பார்த்துவிட்டு அழிக்கத்தான் அது.

சன் டிவி சீரியல் சன் நெக்ஸ்டிலும், விஜய் டிவி சீரியல் ஜியோ ஹாட்ஸ்டாரிலும் கிடைக்கிற இந்தக் காலத்தில் ரெக்கார்டர் எதற்கு என்று தங்கச்சி கேட்கிறாள். நெட் தடையில்லாமல் வருகிற, எல்லோரும் போனில் பார்த்துப் பழகிய வீட்டுக்கு இது வேண்டாம் என்றுதான் அவளிடம் சொன்னேன். எங்கள் வீடு அப்படி இல்லை. ஆப்பைத் திறந்து, ஓடிபி போட்டு, எழுத்து எழுத்தாக ரிமோட்டில் தேடுவது அத்தைக்கு ஆகாத காரியம். இங்கே ஒரு பட்டன் அழுத்தினால் பட்டியல் வருகிறது, மேலே இருப்பது நேற்றைய சீரியல், ஓகே அழுத்தினால் ஓடுகிறது, விளம்பரத்தை அவரே ஓட்டிவிடுகிறார். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறப்பதை விடிகாலையில் நேரலையாகப் போடுவதைப் பதிந்து வைத்து, நான் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கிறோம். இப்போதைய பாக்ஸ் கெட்டாலும் இரண்டு ட்யூனர் உள்ள இன்னொன்றைத்தான் தேடி வாங்குவேன்.