குக்கர் விசிலும் ஒரு நீல இயர்மஃபும்

முன்பெல்லாம், இரண்டு வருடம், எங்கள் வீட்டில் பருப்பு வேகவைப்பதற்கு ஒரே நேரம்தான் இருந்தது: மகன் பள்ளிக்குக் கிளம்பிப் போன பிறகு. அவனுக்கு ஏழு வயது, ஆட்டிசம், பேச்சு இன்னும் வரவில்லை. குக்கர் விசில் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அரை மணி நேரத்துக்கு வெளியே வரமாட்டான். மிக்ஸி, டவுன் பஸ் ஹாரன், பக்கத்து வீட்டில் சுவரில் துளை போடுவது, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அன்றாட வேலைகளுக்குப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சொல்லித்தான், காதை மூடிச் சத்தத்தைக் குறைக்கிற இயர்மஃப் வாங்கினோம். எட்டு மாதம் ஆகிறது.

இது பாட்டு கேட்கிற ஹெட்போன் இல்லை. வயர், பேட்டரி எதுவும் கிடையாது. பட்டறையில் காதுக்கு மாட்டுவார்களே, அதன் குழந்தை சைஸ், அவ்வளவுதான். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கலாமே என்றார் கணவர். அது ஏசி, விமானம் மாதிரி சீராக இரைகிற சத்தத்துக்கு நன்றாக இருக்கும். படாரென்று வருகிற சத்தத்துக்கு அவ்வளவாக உதவாது. விலையும் எங்களுக்குக் கட்டாது.

முதலில் ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். பதினைந்தே நாளில் தலைப்பட்டை விரிசல் விட்டது. அதிலிருந்து படித்த பாடம்: பெட்டியில் என்.ஆர்.ஆர். அல்லது எஸ்.என்.ஆர். என்று ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். சத்தத்தை எத்தனை டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு) குறைக்கும் என்பதுதான் அந்த எண். எண்ணே இல்லையென்றால் அது பொம்மை. இப்போது இருப்பது ஆயிரத்து நானூறு ரூபாய், நீல நிறம், என்.ஆர்.ஆர். 22. அதையும் அப்படியே நம்பிவிட முடியாது, அது ஆய்வகத்துக் கணக்கு. வேலை செய்கிற இடத்துப் பாதுகாப்பை ஆராய்கிற அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம், இயர்மஃப் என்றால் அந்த எண்ணில் கால்வாசியைக் கழித்துக்கொள்ளச் சொல்லி 1998-இல் பரிந்துரைத்திருந்தது. அப்படியென்றால் 16 சொச்சம். பரவாயில்லை, 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் பாதியான மாதிரிதான் காதுக்குத் தெரியும்.

வந்த அன்றைக்கே மாட்டிவிடப் பார்த்தேன், கழற்றி வீசிவிட்டான். அப்புறம் தெரபிஸ்ட் சொன்ன மாதிரி, சத்தமே இல்லாத நேரமாகப் பார்த்து, அவனுக்குப் பிடித்த ஊஞ்சலில் உட்காரவைத்து, ஐந்து எண்ணும் வரை மட்டும் மாட்டினோம். மறுநாள் பத்து. முதலில் அவன் அப்பா மாட்டிக்கொண்டு காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நடக்காது. மூன்று வாரம் பிடித்தது.

இப்போது சமையலறை வாசலில் ஒரு ஆணி, அதில் இயர்மஃப். "குக்கர் வைக்கப் போறேன்டா ராசா" என்று என் மாமியார் குரல் கொடுத்தால் அவனே போய் எடுத்து மாட்டிக்கொள்கிறான். போன மாதம் நான் மிக்ஸி ஜாரைக் கழுவிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அரைக்கிற எண்ணம்கூட இல்லை. ஆணியிலிருந்து எடுத்து வந்து என் கையில் திணித்துவிட்டு, ஜாரைக் காட்டினான். "சட்னி அரைக்கப் போறியா?" என்று அவன் என்னிடம் கேட்டதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு வேண்டாத சட்னி ஒன்று அரைத்தேன்.

குறைகளும் உண்டு. முதல் குறை வியர்வை. மதுரை வெயிலில் இருபது நிமிடம் போட்டால் காதைச் சுற்றி ஈரம், சிவப்பு. பழைய வேட்டியைக் கிழித்து மெல்லிய உறை தைத்தோம். துணி போட்டால் கொஞ்சம் சத்தம் கசியும், ஆனால் வேர்க்குருவுக்கு இது மேல். கண்ணாடி போடுகிற பிள்ளைகளுக்கும் அந்த இடுக்கில் கசியும்.

இரண்டாவது, கீச்சென்ற சத்தத்தை நன்றாகத் தடுக்கிறது, 'தும் தும்' என்று அதிர்கிற சத்தத்தை அந்த அளவுக்கு இல்லை. விசில், மிக்ஸி, ஹாரன் எல்லாம் சரி. தெருவில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டினால் பலன் குறைவு. தீபாராதனை நேரத்தில் தானாக அடிக்கும் மின்சார முரசு இருக்கிற கோயிலுக்கு, இதை நம்பிப் போகாதீர்கள். தீபாவளிக்கும் இது மட்டும் போதாது. நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை வெடிக்கச் சட்டமே அனுமதிக்கிறது. 16 போனாலும் மீதி 109. காலை ஆறிலிருந்து ஏழு, இரவு ஏழிலிருந்து எட்டு என்று நேரம் வகுத்திருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு அது தெரியாது. உள்ளறை, மூடிய ஜன்னல், ஃபேன், அதற்கு மேல் இயர்மஃப் என்று சமாளித்தோம்.

நாள் முழுக்க மாட்டிவிடாதீர்கள் என்று தெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அமைதிக்கே காது பழகிவிட்டால் சின்னச் சத்தமும் பெரிதாகத் தெரிய ஆரம்பிக்குமாம். சத்தம் முடிந்ததும் ஆணிக்குத் திரும்பிவிட வேண்டும்.

பஸ்ஸில் எல்லோரும் "என்ன பாட்டு கேக்குறான்?" என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போது "பழைய பாட்டுங்க" என்று சொல்லிவிடுகிறேன்.

சலூனுக்கு மட்டும் இது உதவவே இல்லை. டிரிம்மர் வேலை செய்கிற இடமே காதோரம்தான், மாட்டிக்கொண்டு எப்படி வெட்டுவது? தூங்கும்போது நானே கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறேன். பின்பக்கம் பார்த்தால் எலி கடித்த மாதிரி இருக்கும்.