பெயர் இல்லாத டப்பாவில் வரும் நைட் கிரீம்: நாகர்கோவில் பக்கம் படிக்கிற பிள்ளைகள் கவனத்துக்கு

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எனக்கு இரண்டு கன்னத்திலும் பரு. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு தினமும் பஸ். தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய் தக்கலை வருவதற்குள் வியர்வையோடு நெற்றியில் இறங்கிவிடும். வகுப்பில் யாராவது முகத்தைப் பார்த்துப் பேசினாலே எனக்கு வெப்ராளமாக இருக்கும். அந்த நேரத்தில் கூடப் படிக்கிற ஒருத்தி சொல்லித்தான் நாகர்கோவிலில் ஒரு ஃபேன்சி கடைக்குப் போனேன்.

கடையில் இருந்த அக்கா என் முகத்தைப் பார்த்ததும் ஷோகேஸுக்கு அடியில் கையை விட்டு ஒரு சின்ன வெள்ளை டப்பாவை எடுத்தார். "மக்ளே, இது பார்லருக்கு மட்டும் குடுக்குறது. ராத்திரி பட்டாணி அளவு போட்டாப் போதும், ஒரு வாரத்துல நீயே வந்து சொல்லுவ" என்றார். விலை 450 ரூபாய். பில் கேட்டேன். "இதுக்கெல்லாம் பில் போடுறதில்ல மக்ளே" என்றார். மூடியில் பூப்படம் போட்ட ஒரு ஸ்டிக்கர், உள்ளே இளமஞ்சள் கிரீம், அவ்வளவுதான். கம்பெனி பெயர், பேட்ச் எண், தேதி எதுவுமே இல்லை. அதைப் பார்த்த பிறகும் வாங்கினேன்.

ஐந்தாம் நாள் பரு அமுங்கிவிட்டது. பத்தாம் நாள் முகம் பளபளவென்று இருந்தது. "மூஞ்சி நல்லா தெளிஞ்சிருக்கே மக்ளே" என்று அம்மாவே சொன்னார். நான் இன்னும் மூன்று பேருக்கு அந்தக் கடையைச் சொல்லிக்கொடுத்தேன். இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம் அதுதான்.

மூன்றாவது மாதம் செமஸ்டர் தேர்வு. டப்பா தீர்ந்துபோய் நாலு நாள் போடவில்லை. நாலாம் நாள் காலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் பட்டதும், மிளகாய் அரைத்த கையை முகத்தில் வைத்த மாதிரி எரிந்தது. கன்னமெல்லாம் சிவந்து, முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு பரு. கண்ணாடியில் கிட்டப் பார்த்தால் மூக்கின் ஓரத்தில் சிவப்பு நூல் மாதிரி நரம்புகள், காதோரத்தில் புதிதாகப் பூனைமுடி. பயந்துபோய்த் திரும்பவும் அதே கடைக்கு ஓடினேன். இன்னொரு டப்பா போட்டதும் இரண்டே நாளில் அடங்கியது. விட்டால் எரிச்சல், போட்டால் அமைதி. இப்படியே இன்னும் இரண்டு மாதம் போனது.

கடைசியாக வாங்கப் போன அன்று கடையின் பின்கதவு திறந்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் பேசினில் ஏதோ கிரீமைக் கொட்டி, மருந்து ட்யூபுகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கிக் கலந்துகொண்டிருந்தார்கள். காலி ட்யூப் ஒன்று என் காலடியில் கிடந்தது. அதில் ஆர்எக்ஸ் குறியும், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருந்தன. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அம்மாவோடு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போய், ஓ.பி. சீட்டு எடுத்துத் தோல் டாக்டரைப் பார்த்தோம். அவர் ட்யூபைப் பார்க்கும் முன்பே, "எத்தனை மாசமா ஸ்டீராய்டு போடுற?" என்றுதான் கேட்டார். ட்யூபில் இருந்தது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கும், ரத்தக் குழாயைச் சுருக்கும். அதனால்தான் சிவப்பு மறைந்து முகம் வெளுத்த மாதிரி தெரிகிறது. உள்ளே தோல் மெலிந்துகொண்டே போகும். நிறுத்தினால் சுருங்கிய குழாய்கள் திரும்ப விரியும். எரிச்சலும் சிவப்பும் அப்போதுதான் வரும். தேவைப்பட்ட நோய்க்கு, தேவைப்பட்ட நாளுக்கு டாக்டர்கள் கொடுக்கிற நல்ல மருந்துதான் அது. முகம் வெளுக்கப் போடுகிற கிரீம் இல்லை. 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது.

சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதினார். முகத்துக்குப் போட்டதற்கு எதற்கு அது என்று அம்மா கேட்டார். இந்த மாதிரி டப்பாக்களில் சிலதில் பாதரசமும் இருக்குமாம். பக்கத்துக் கேரளாவில், மலப்புறத்தில், 2023-ல் இப்படிப்பட்ட வெளுப்பு கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது தெரியவந்தது. எனக்கு ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. அது வரும்வரை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. எரிச்சல் போய்விட்டது, சிவப்பு நரம்பு இன்னும் இருக்கிறது. டாக்டர் சொன்னபடி காலையும் இரவும் லேசான கிளென்சர், மாய்ஸ்சரைசர், வீட்டை விட்டு இறங்கும்போது எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன். தலையெண்ணெய் ராத்திரிக்கு மாறிவிட்டது. காலையில் அலசிவிட்டுத்தான் பஸ். பருவுக்குத் தனி மருந்து. அது முழுசாக வேலை செய்ய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார், அப்படித்தான் ஆனது. ஐந்து நாளில் பரு மொத்தமும் காணாமல் போனால் அந்தக் கிரீமைச் சந்தேகப்படுங்கள். ஏற்கனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால், நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிட்டு எரிச்சலோடு தவிக்காதீர்கள். டப்பாவோடு தோல் டாக்டரிடம் போங்கள், எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டோம். "உங்க பொண்ணுக்கு சென்சிட்டிவ் ஸ்கின், எங்க கிரீம்ல ஒண்ணும் இல்ல" என்றார்கள். பில் எங்கே என்று எங்களையே திருப்பிக் கேட்டார்கள். நாங்கள் கேட்டபோது கொடுக்காத பில்!

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் புகார் எழுதிவிட்டேன். பாதி தீர்ந்த டப்பாவும் அந்தக் காலி ட்யூபும் கவரில் போட்டு பத்திரமாக இருக்கின்றன. என்னால் அந்தக் கடைக்குப் போன மூன்று பேரில் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். மூன்றாமவள் கல்யாணம் முடியட்டும் என்கிறாள். அவளிடம் தினமும் பேசிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி வாங்கியவர்கள் யாராவது ஜிபே-யில் பணம் அனுப்பியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள், டப்பாவையும் வீசாதீர்கள். சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.